உலகத் தமிழ் மாநாடுகளும் நம் வெள்ளி விழாவும்

சென்ற திங்கள் கூடிய நம் சங்கச் செயற்குழுவில், வெள்ளி விழாவை ஒட்டி அனைத்துலகத் தமிழாராய்ச்சிக் கருத்தரங்கு ஒன்று நடத்த வேண்டும் என்ற கருத்து எழுந்ததை அன்பர்கள் அறிவர். விழா பொங்கலையொட்டி நடைபெறுவது. குழு கூடியதோ ஐப்பசியில். இடையே மூன்று திங்கள்கூட முழுமையாக இல்லை. துணைச் செயலாளன் என்ற முறையில், "காலம் போதாது" என்றேன். அதற்கு நம் குழுவின் மூத்தவர் ஒருவர், "தம்பி, பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டால் நாற்பது நாளில் கல்யாணத்தையே நடத்தி முடித்துவிடுகிறோம். நாலு பேராசிரியர்களை அழைத்து உட்கார வைக்க மூன்று மாதம் போதாதா?" என்று கேட்டார். அனைவரும் சிரித்தனர், யானும் சிரித்தேன். உடனே விடை சொல்லத் தெரியவில்லை. வீடு திரும்பிய பின் தோன்றிய விடையை ஈண்டு எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள்க.

கல்யாணத்துக்கு வருகிறவர் வாழ்த்த வருகிறார். அழைப்பிதழ் கைக்குக் கிடைத்த அன்றே புறப்பட்டாலும் குறையில்லை. கருத்தரங்குக்கு வருகிறவரோ, தாம் புதிதாகக் கண்டறிந்த ஒன்றைக் கையில் கொண்டுவர வேண்டும். கல்வெட்டை ஆராய்கிறவர் கோயில் கோயிலாகச் சென்று படித்தாக வேண்டும். ஏட்டுச் சுவடியை ஆராய்கிறவர் ஒன்றோடொன்றை ஒப்பு நோக்கியாக வேண்டும். அதன்பின் எழுதி, அதனைப் பிறர் படித்துத் தேர்ந்து, நிகழ்ச்சி நிரலில் சேர்த்தாக வேண்டும். வெளிநாட்டறிஞர் எனின் மாநாட்டு விசா வேறு. அதற்கு முன் மாநாட்டை நடத்துவோர் அமைச்சகங்களின் இசைவு பெற வேண்டும். யான் பணியாற்றும் இரயில்வேயில், ஒரே ஒரு படுக்கை இடத்துக்கே அறுபது நாள்களுக்கு முன் முன்பதிவு திறக்கிறோம். 2024 அக்டோபர் வரை அது நூற்றிருபது நாள்களாக இருந்தது.

தமிழாராய்ச்சிக்கென்று உலகளாவிய மன்றம் ஒன்று பிறந்தது, நாம் பிழைக்க வந்த இந்த டில்லி மாநகரில்தான். கீழ்த்திசை ஆய்வாளர்களின் அனைத்துலக மாநாடு 1873-இல் பாரிசில் தொடங்கி, சில ஆண்டுகளுக்கொருமுறை வெவ்வேறு நாடுகளில் கூடி வந்தது. அதன் இருபத்தாறாவது மாநாடு 1964 ஜனவரியில் இங்கே விஞ்ஞான பவனத்தில் நடைபெற்றது. அலுவலகப் பேருந்தில் அந்தக் கட்டடத்தைக் கடந்து செல்லும் நம்மவர் எத்தனை பேர்! அம்மாநாட்டுக்கு வந்திருந்த தமிழறிஞர்களையும் திராவிட மொழி அறிஞர்களையும் தனிநாயக அடிகளும் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியமும் ஒன்றுகூட்டினர். ஜனவரி 7 அன்று உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் ஜீன் ஃபிலியோசா தலைவரானார். திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை 1961-இல் வெளியிட்ட பர்ரோ, எமனோ ஆகிய இருவரும் துணைத் தலைவர்களுள் இடம்பெற்றனர். தனிநாயக அடிகளும் செக்கோசுலோவாக்கிய நாட்டுக் கமில் சுவெலபிலும் செயலாளர்கள்.

தலைவர் பாரிசில், ஒரு செயலாளர் கோலாலம்பூரில், மற்றவர் பிராகில். அவர்களை இணைத்தது வான் அஞ்சல் ஒன்றே. சங்கப் பணியில் பத்துக் கடிதம் எழுதி இரண்டுக்கு மறுமொழி பெறும் என் போன்றோர்க்கு, அடிகள் இதனை எவ்வாறு சாதித்தார் என்பதே பெருவியப்பு. விடை அவர்தம் முந்தைய பன்னிரண்டு ஆண்டு உழைப்பில் இருக்கிறது. 1952 முதல் அவர் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களிதழை நடத்தி வந்தார். உலகின் எந்த மூலையில் எவர் தமிழை ஆராய்கிறார், அவர்க்கு எத்துறையில் நாட்டம் என்பதெல்லாம் அவ்விதழின் வாயிலாக அவர்க்குத் தெரிந்திருந்தன. முகவரிகள் முன்னரே கையில் இருந்தன. மன்றம் பின்னர் வந்தது. நம்மிடமோ வெள்ளி விழாத் தேதி இருக்கிறது. முகவரி ஒன்றும் இல்லை.

முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அடிகள் அங்கு இந்தியவியல் துறைத் தலைவராக இருந்ததால் பல்கலைக்கழகமே தாங்கும் தூணாயிற்று. மன்றம் தோன்றியதற்கும் மாநாடு கூடியதற்கும் இடையே இருபத்தேழு திங்கள்கள். கணக்கன் புத்தி என்னைவிட்டுப் போகவில்லை. ஏனைய மாநாடுகளுக்கும் இடைவெளியைக் குறித்துப் பார்த்தேன். மிகக் குறுகியது கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட இருபத்தொரு திங்கள்கள். அதனினும் குறைந்த காலத்தில் இம்மன்றம் ஒரு மாநாட்டையும் கூட்டியதில்லை.

1968 ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாட்டை நம் இல்லங்களில் முதியோர் இன்றும் நினைவு கூர்வர். பக்தவத்சலம் அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது முடிவானதை, அண்ணா அவர்கள் முதலமைச்சராக இருந்து நடத்தினார். குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் தொடங்கி வைத்தார். கடற்கரையில் வள்ளுவர், ஔவை, கம்பர், கண்ணகி, பாரதி, போப், கால்டுவெல் முதலியோர்க்குச் சிலைகள் எழுந்தன. அலங்கார ஊர்திகள் சென்றன. ஊர் முழுதும் திருவிழாக் கோலம் பூண்டது. எனினும் ஆராய்ச்சி அரங்கம் ஒரு பக்கம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அங்குப் படிக்கப்பெற்ற கட்டுரைகளை அறிஞர் ஆஷர் பதிப்பித்து 1971-இல் தொகுதியாக வெளிவரச் செய்தார். மக்கள் விழாவை விரும்பாதவன் அல்லன் யான். அரசின் பொருளுதவியின்றி அத்தகைய மாநாடு நடந்திராது என்பதும் உண்மை. ஆயினும் மன்றத்துக்குச் சொந்தப் பொருள் இல்லாத காரணத்தால், இடம் தருவோர் கையே ஓங்கும் என்ற சிக்கல் அன்றே கருக்கொண்டது என்பது என் கருத்து.

மூன்றாவது, 1970 ஜூலையில் பாரிசில் அமைதியாக நடந்தது. நான்காவதைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. அதனை யாழ்ப்பாணத்தில் நடத்த வேண்டும் என்று பேராசிரியர் வித்தியானந்தன் தலைமையில் அமைப்பாளர் உறுதியாய் நின்றனர். இலங்கை அரசு கொழும்பிலேயே நடத்த விரும்பியது. மாநாடு எங்கே கூடுவது என்பது வெறும் மண்டபம் பார்க்கும் வேலையன்று என்பதை அது காட்டிற்று. 1974 ஜனவரி 10 அன்று, வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே திரண்டிருந்த மக்கட் கூட்டத்தினுள் போலீசார் புகுந்தனர். குழப்பத்தில் மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. தமிழ் கேட்க வந்தவர்களுள் ஒன்பது பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர்.

ஐந்தாவது மாநாடு 1981 ஜனவரியில் மதுரையில் கூடியபோது அடிகள் இல்லை. நான்கு திங்கள்களுக்கு முன், 1980 செப்டம்பர் முதல் நாளில், அவர் மறைந்திருந்தார். 1987-இல் மீண்டும் கோலாலம்பூரிலும் 1989-இல் மொரீசியசிலும் மாநாடுகள் நடந்தன. 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாவதில், அழைப்பின்பேரில் வந்த ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி பங்குகொள்ள விடாமல் திருப்பி அனுப்பப்பட்டார். அறிஞரை அழைத்தவர் ஒருவர், வாயிலில் நிற்பவர் வேறொருவர் என்றால் இப்படித்தான் ஆகும்.

இனி, நம் மூத்தவர்க்கு யான் முதன்மையாகச் சொல்ல விழைந்தது. 2009 செப்டம்பரில் தமிழக அரசு ஒன்பதாம் மாநாட்டைக் கோவையில் நடத்த முன்வந்தது. முதலில் குறித்த காலம் 2010 ஜனவரி. மன்றத் தலைவராயிருந்த சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமா, ஆய்வுக் கட்டுரைகள் உருவாக ஓராண்டேனும் வேண்டும் என்றார். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். அரசு ஜூன் வரை நீட்டியது. அதுவும் போதாது என்று அவர் இசையவில்லை. முடிவில் அரசு மன்றத்தின் பெயரின்றியே 2010 ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை நடத்தியது. அதிலும் நல்லறிஞர் பங்கேற்றனர். சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்த பின்லாந்து நாட்டு அசுகோ பர்ப்போலா அங்கு விருது பெற்றார். ஆதலின் அதனைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால், பொருளும் ஆளும் அரசின் ஆதரவும் ஒருங்கே வந்து வாயிலில் நிற்கும்போது, "காலம் போதாது" என்று ஓர் அயல்நாட்டவர் நம் தமிழுக்காகச் சொன்னார் அல்லவா? அதனை நினைக்குந்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது. மன்றத்தின் ஒன்பதாவது மாநாடு பின்னர் 2015-இல்தான் கோலாலம்பூரில் கூடிற்று. இடையில் கழிந்தவை இருபது ஆண்டுகள். அந்த விலையும் சிறிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பத்தாவதை 2019 ஜூலையில் சிகாகோ தமிழ்ச் சங்கத்தார், வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையோடு சேர்ந்து, தம் பொன்விழாவுடன் இணைத்து நடத்தினர். பிழைக்கப் போன இடத்தில் கூடிய சங்கம் அது, நம்மைப் போன்றதே. ஆதலின் நம்மால் இயலாது என்று யான் சொல்லவில்லை.

யான் அஞ்சுவது வேறொன்றை. நான்காண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் யான் உறுப்பினனாயிருந்த அமைப்பொன்று ஒருநாள் கருத்தரங்கை ஐந்து வாரத்தில் ஏற்பாடு செய்தது. கடிதம் எழுதியவன் யானே. தஞ்சைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இரண்டு இரவு இரயிலில் வந்தார். தலைமை விருந்தினர் இரண்டரை மணி நேரம் தாமதித்து வந்தார். பொன்னாடைகள் முடிய நண்பகல் ஆயிற்று. பேராசிரியர்க்கு ஏழு நிமிடம் ஒதுக்கினர். அவர் கட்டுரையின் முதற் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தனர். அவர் சினக்கவில்லை. தாள்களை மடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "நன்றி" என்று சொல்லி அமர்ந்தார். அன்றிரவு நிலையத்தில் வழியனுப்பச் சென்றபோது, "ஐயா, மன்னிக்க வேண்டும்" என்றேன். "நீங்கள் என்ன செய்வீர்கள், தம்பி! வைத்துக்கொள்ளுங்கள், நேரம் கிடைக்கும்போது படியுங்கள்" என்று இருபத்திரண்டு பக்கக் கட்டுரையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். அது இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. காவிரிக் கரை ஊர்களில் வழங்கும் நீர்ப்பாசனச் சொற்களைப் பற்றியது. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அதில் பாதிக்கு மேல் விளங்கிற்று.

ஆகவே குழுவின் முன் யான் வைக்கும் வேண்டுகோள் இது. பொங்கலில் வெள்ளி விழாவை ஆடல் பாடலோடும் குழந்தைகள் நாடகத்தோடும் சிறப்பாக நடத்துவோம். கருத்தரங்கை அதற்கு அடுத்த ஆண்டுக்கு வைப்போம். வரும் சித்திரைக்குள் அழைப்புக் கடிதம், ஆடிக்குள் கட்டுரைச் சுருக்கம், கார்த்திகைக்குள் முழுக் கட்டுரை என்று காலம் குறிப்போம். பன்னிரண்டு கட்டுரைகளுக்கு மேல் வேண்டா. ஒவ்வொன்றுக்கும் படிக்க அரைமணி, வினாவுக்குக் கால்மணி. ஆகக் கூடி ஒன்பது மணி நேரம், இரண்டு நாளில் அடங்கும். வாழ்த்துரைகள் முதல்நாள் மாலையில் தனியே. கட்டுரைகளை அச்சிடும் செலவை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் பந்தலும் பொன்னாடையும். "அனைத்துலக" என்ற அடைமொழியை, அயல்நாட்டிலிருந்து ஒருவராவது வர இசைந்த பின் சேர்த்துக்கொள்ளலாம்.

இதனை நம் மூத்தவரிடம் தொலைபேசியில் முன்னரே சொல்லிவிட்டேன். "அந்த ஏழு நிமிடக் கதையைக் குழுவிலேயே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் குழு மீண்டும் கூடுகிறது. உறுப்பினர் அல்லாதாரும் வந்து கருத்துரைக்கலாம். குழுவின் முடிவுக்குக் காத்திராமல் ஒரு தவறு மட்டும் செய்துவிட்டேன். அந்தப் பேராசிரியர்க்கு, வர இயலுமா என்று கேட்டுக் கடிதம் எழுதினேன். நேற்று மறுமொழி வந்தது. கட்டுரையில் மேலும் நாற்பது சொற்கள் சேர்ந்துள்ளனவாம். எத்தனை நிமிடம் தருவீர்கள் என்று கேட்டிருக்கிறார்.