கொதிக்கும் கார்கள்! விசிறி மாட்டுவதில் நடக்கும் கோளாறு

கத்திரி வெயில் வந்துவிட்டால் சென்னை ரோடுகளில் ஒரு காட்சி தப்பாது. சிக்னலில் பச்சை விழும். ஆனால் ஒரு கார் மட்டும் நகராது. பின்னால் ஹாரன் அலறும். டிரைவர் இறங்கி பானெட்டைத் தூக்குவார். குப்பென்று ஆவி அடிக்கும்.

"போன மாசம்தான் புதுசா மின்சார விசிறி மாட்டினேன். அப்படியும் கொதிக்குதே!" என்பது பழைய கார் வைத்திருக்கும் பலரது புலம்பல்.

பெரும்பாலும் விசிறியில் கோளாறு இருக்காது. அதை மாட்டிய இடத்திலும், மாட்டிய விதத்திலும்தான் கோளாறு!

பெல்ட் விசிறி

அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. ஆனாலும் ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வண்டியில் விசிறியைச் சுழற்றுவது என்ஜின்தான். பெல்ட் போட்டு இழுக்கும். என்ஜின் வேகம் எடுத்தால் விசிறியும் வேகம் எடுக்கும். என்ஜின் மெதுவானால் விசிறியும் மெதுவாகும்.

வம்பு இங்கேதான். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். விசிறி தேவையே இல்லை. அப்போது விர்ரென்று சுற்றும். கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் காற்று வேண்டும். அப்போது சோம்பேறி போல சுற்றும்!

1983-ல் வந்த மாருதி 800 இந்தக் கதையை மாற்றியது. அதில் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். விசிறிக்கு பெல்ட் போட வழி இல்லை. எனவே மின்சார மோட்டாரில் ஓடும் விசிறி. தண்ணீர் சூடேறினால் தானே ஓடும். சூடு தணிந்தால் தானே நிற்கும். வண்டி நின்றாலும் ஓடினாலும் அதற்கு ஒரே வேகம்தான்.

"நம்ம வண்டிக்கும் இதைப் போட்டால் என்ன?" என்று பழைய கார்க்காரர்கள் கிளம்புகிறார்கள். புதுசு வேண்டுமானால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கழற்றிய சாமான் போதுமென்றால் புதுப்பேட்டை. கடைக்காரர் இரண்டு ஒயரையும் பேட்டரியில் தொட்டுக் காட்டுவார். விசிறி ஜோராகச் சுற்றும். வியாபாரம் முடிந்தது. வில்லங்கம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

முன்னாலா, பின்னாலா?

காரில் காற்று போக வேண்டிய திசை ஒன்றே ஒன்றுதான். முன் கிரில் வழியாக நுழைந்து, ரேடியேட்டரைத் துளைத்து, என்ஜின் பக்கம் போக வேண்டும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து இழுக்கும் விசிறியும் உண்டு. முன்னால் இருந்து தள்ளும் விசிறியும் உண்டு.

இரண்டில் இழுக்கும் விசிறியே நல்லது. தள்ளும் விசிறி கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே குந்திக்கொண்டு, வேகமாகப் போகும்போது வருகிற எதிர்க்காற்றில் ஒரு பங்கை மறைத்துவிடும். பின்னால் இடமே இல்லாவிட்டால்தான் முன்னால் வைக்க வேண்டும். ஏ.சி. வைத்த வண்டியில் ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் வேறு நிற்கிறது.

பழைய வண்டிகளில் பெல்ட் விசிறியைக் கழற்ற மனம் வராது. "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று மின்சார விசிறியை முன்னால் மாட்டுவார்கள். மாருதியில் பின்னால் இருந்து இழுத்த அதே விசிறியை, முகத்தைத் திருப்பி முன்பக்கம் வைப்பார்கள். விளைவு? அது காற்றை ரோட்டைப் பார்த்து ஊதும்! பெல்ட் விசிறி பின்னால் இழுக்க, இது முன்னால் ஊத, நடுவில் ரேடியேட்டர் வெந்து போகும்.

ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். திசை சரியாகிவிடும். ஆனால் இறக்கையின் வளைவு ஒரு பக்கத்துக்குத்தான் செய்யப்பட்டது. மறுபக்கம் சுற்றினால் காற்று பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. இறக்கையையும் கழற்றித் திருப்பிப் போடும்படியான விசிறிகளும் கிடைக்கின்றன. வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

சோதித்துப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. விசிறியை ஓடவிட்டு, கிரில் முன்னால் ஒரு காகிதத்தை நீட்டினால் போதும். காகிதம் உள்ளே இழுபட வேண்டும். வெளியே பறந்தால் விசிறி தலைகீழ்!

கூடு முக்கியம்

இறக்கை சுற்றும் வட்டம் மட்டும் குளிர்ந்தால் போதாது. ரேடியேட்டரின் நான்கு மூலைக்கும் காற்று போக வேண்டும். அதற்குத்தான் விசிறியைச் சுற்றித் தகரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு கூடு. பல ஷெட்டுகளில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வார் கோர்த்து விசிறியைக் கட்டிவிடுகிறார்கள். ஓட்டத்தில் ஆடி ஆடி உரசும். கடைசியில் ரேடியேட்டரில் ஓட்டை. விசிறி லாபம், ரேடியேட்டர் நஷ்டம்! இரும்புப் பட்டை வைத்து பாடியில் போல்ட் போட்டு நிறுத்துவதே சரி.

கரண்டு எங்கே?

ஒரு 60 வாட் ஹெட்லைட் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். ரேடியேட்டர் விசிறியோ 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. இதை டாஷ்போர்டு சுவிட்சில் ஒல்லி ஒயர் போட்டுக் கொடுத்தால் ஒயர் உருகும். தீப்பிடிக்கவும் செய்யும். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், நடுவில் ஃபியூஸ், ரிலே மூன்றும் கட்டாயம்.

டைனமோ வைத்த பழைய வண்டிக்கு இன்னொரு சங்கடம். என்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறக்குறைய சார்ஜே செய்யாது. விசிறி தேவைப்படுவதும் அப்போதுதான். நெரிசலில் நின்றால் பேட்டரி காலி. அப்புறம் நாலு பேர் தள்ள வேண்டும். முதலில் ஆல்டர்னேட்டர், பிறகு மின்சார விசிறி.

கையால் போடும் சுவிட்ச் வைப்பவர்கள் அதைப் போட மறந்துவிடுகிறார்கள். முள் சிவப்பைத் தொட்ட பிறகு பதறுவார்கள். அதற்குள் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். தண்ணீர் 90 டிகிரி சொச்சத்துக்குப் போனதும் தானே ஓடும் தெர்மோ சுவிட்ச்தான் சரி.

இவ்வளவும் செய்தும் கொதிக்கிறதா? அப்படியானால் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். வருடக்கணக்கில் போர் தண்ணீரை ஊற்றி, உள்ளே உப்பு அடைத்த ரேடியேட்டருக்கு இரண்டு விசிறி வைத்தாலும் பலன் கிடையாது.

கை பத்திரம்!

பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாகக் கிளம்பும். நின்றுவிட்டதே என்று கையை விட்டால் விரல் போகும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். மூடியின் அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஈரத்துணி போட்டுத் திறப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. என்ஜினை நிறுத்தி, மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்கும் அளவுக்குச் சூடு ஆறிய பிறகே மூடியைத் திருக வேண்டும்.