பிரட்டுக்களம்

படையிற் சேர்தலைப் பொருளாகக் கொண்ட கேலிச்சித்திரப் படங்கள் பல உள. அவற்றுட் பழையதொன்று 1942 ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் வெளியிட்டதாகும். பின்னாளில் அது தொலைக்காட்சியிலும் காட்டப்பெற்றது. படைச் சேவைக்கு அழைக்கப்பெற்ற டொனால்ட் என்னும் வாத்து, சுவரொட்டிகளின் கவர்ச்சியில் மயங்கி, வானிற் பறக்கும் கனவோடு ஆட்சேர்ப்பு நிலையம் புகுகின்றது. மருத்துவர் பலர் சூழ்ந்து விரைந்து பரிசோதித்து முத்திரை குத்தி அனுப்புகின்றனர். அணிவகுப்புப் பயிற்சியில் எறும்புகளால் அல்லலுற்ற அது, முடிவில் மலையெனக் குவிந்த உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருக்கின்றது. சொன்னது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்னும் முரணே படத்தின் நகைச்சுவைக்கு அடிப்படை.

இம்முரண் நம் மலைநாட்டார்க்குப் புதியதன்று. தேயிலைத் தூரிலே மாசியும் தேங்காயும் கிடைக்கும் எனக் கூறித் தமிழகத்துச் சிற்றூர்களில் ஆசை காட்டினர் என்பது தோட்டங்களில் வழிவழியாக வழங்கும் செய்தி. கங்காணி கொடுத்த முன்பணம், மண்டபம் முகாமில் மருத்துவப் பரிசோதனை, கடல் கடந்த பின் மலையேற்றம் என அமைந்த அம்முறைக்கு 'ஆள் கட்டுதல்' என்று பெயர். படைக்கு ஆள் சேர்ப்பதற்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெறும் தோற்றமன்று. தோட்டத்துச் சொற்களே அதற்குச் சான்று பகரும்.

ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளர் கூடி நின்று வேலைப் பங்கீடு பெறுதலைப் 'பிரட்டு' என்பர்; 'பெரட்டு' எனவும் ஒலிப்பர். அது கூடுமிடம் பிரட்டுக்களம். படை அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே இவ்வாறு திரிந்தது. 'லயம்' என்பதும் அத்தகையதே. படையினர் வரிசை வரிசையாய்க் குடியிருந்த இடத்திற்கு வழங்கிய 'லைன்' என்னும் சொல்லின் வழிவந்தது அது. அணிவகுப்புக்கு ஊதுகொம்பு அழைத்தது. பிரட்டுக்குத் தப்பு அழைத்தது. இதில் வியப்பில்லை. வாட்டர்லூப் போரிற் பங்குகொண்ட தளபதியாகிய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், கன்னொறுவையிலே தாமே கோப்பித் தோட்டம் அமைத்தவர். தொடக்ககாலத் தோட்டக்காரருள் இராணுவ அதிகாரிகளும் இருந்தனர். அவர்கள் அறிந்த ஒழுங்கு பாசறை ஒழுங்கேயன்றோ?

சொல்லோடு சட்டமும் ஒத்துச்சென்றது. படையை விட்டு ஓடுபவன் தண்டிக்கப்படுவான். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளிக்கும் சிறைவாசம் காத்திருந்தது. கடன் தொகையைச் செலுத்தினாலன்றி ஆட்கள் வேறு தோட்டம் செல்ல இயலாதவாறு தடுத்த 'துண்டு' முறை, 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது.

ஆயின், மலைநாட்டிலே உண்மையான படையொன்றும் இருந்தது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 1900 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையே அது. ஐரோப்பியர் மட்டுமே அதிற் சேரலாம். அதன் வீரர் போயர் போருக்குச் சென்றனர். 1914 இல் எகிப்துக்கும், 1915 இல் கலிப்பொலிக்கும் சென்றனர். துரைமார் துப்பாக்கியோடு அணிவகுத்தனர்; தொழிலாளர் கவ்வாத்துக் கத்தியோடும் கொழுந்துக் கூடையோடும் அணிவகுத்தனர். இரண்டிடத்தும் கட்டளை உண்டு. மரியாதை ஓரிடத்தில் மட்டுமே இருந்தது.

அத்தோட்டக்காரர் படை 1949 இற் கலைக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 10 ஆம் நாள் சுதந்திர இலங்கையின் தரைப்படை தோன்றியது. தன் நாட்டுக்கெனப் படையொன்று அமைவது குடிமகனுக்குப் பெருமை தருவது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே, 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரைக் குடிமக்கள் என்னும் எல்லைக்குப் புறத்தே நிறுத்திவிட்டது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என அவர்களைப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர் குடியுரிமை பெற 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது.

மலைநாட்டார் வீரத்தை மறந்தாரல்லர். பகலிற் பிரட்டுக்களத்தில் நின்றவர்களே இரவில் பொன்னர் சங்கர் கூத்தாடிப் படுகளத்தைக் கண்முன் நிறுத்தினர். பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்தவனுக்குப் பெயர் பொறித்து நடுகல் எடுத்தனர். தோட்டத்திலோ 'பேர்' என்பது ஒருநாள் வேலை கணக்கில் ஏறுவதையே குறிக்கும். வேலை குறைந்தால் அரைப்பேர். வேலை நாள்தோறும் காலையிற் பேர் கொடுத்து நின்ற மக்களின் பெயர், நாட்டின் குடிமக்கள் பட்டியலில் ஏறப் பல்லாண்டுகள் கழிந்தன.

டொனால்டின் துயரம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நாமும் நகைத்து மறப்போம். பிரட்டுக்களத்தின் வரலாறு அத்தகையதன்று. தோட்டங்களிலிருந்து வந்து கற்கும் மாணவர், தம் பாட்டன் பாட்டிமார் வழங்கிய சொற்களைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். நடுகல் பெறாதார்க்கு நாம் எடுக்கக்கூடிய கல் அதுவே.