காப்பகத்துக்கு எத்தனை நட்சத்திரம்?

ஒரு வயதுக் குழந்தைக்குப் புகார் சொல்லத் தெரியாது. காலையில் காப்பகத்தில் விட்டு மாலையில் அழைத்துவரும் பெற்றோருக்கு, இடையில் நடந்தது தெரிய வழியில்லை. சுவரில் வரைந்த முயலும் வண்ண நாற்காலியும்தான் கண்ணில் படும். இந்தக் குறையைத் தீர்க்கவே அமெரிக்க மாநிலங்கள் காப்பகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கின.

முதலில் இறங்கியது ஒக்லஹோமா, 1998இல். ஏழைக் குழந்தைகளுக்காக அரசு செலுத்தும் கட்டணத்தை அது நட்சத்திரத்தோடு இணைத்தது. தரம் கூடினால் பணமும் கூடும். மறு ஆண்டே வட கரோலினா உரிமத்திலேயே நட்சத்திரத்தைப் பதித்தது. சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தை எட்டினால் ஒன்று. அதற்கு மேல் வேண்டுமென்றால் காப்பகம் தானாக முன்வர வேண்டும். 2005இல் திருத்திய முறையில் ஆசிரியர்களின் படிப்புக்கு 7 புள்ளி, காப்பகம் நடக்கும் விதத்துக்கு 7, கூடுதல் முயற்சிக்கு 1. பதின்மூன்றைத் தொட்டால் ஐந்து நட்சத்திரம்.

மதிப்பிட வருபவர் வகுப்பறை ஓரத்தில் சில மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார். கையில் இருப்பது, சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் தெல்மா ஹார்ம்ஸும் ரிச்சர்ட் கிளிஃபர்டும் 1980இல் வெளியிட்ட அளவுகோலின் வழிவந்தது. சாப்பிடும் முன் கை கழுவினார்களா? பொம்மைகள் குழந்தைக்கு எட்டும் தட்டில் இருக்கின்றனவா, அழகுக்காக உயரத்தில் அடுக்கியிருக்கிறார்களா? அழும் குழந்தையிடம் யார் போனார்கள்? ஒவ்வோர் அம்சத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண்.

இத்தனை பாடுபட்டுப் போடும் மதிப்பெண், குழந்தை என்ன கற்கிறது என்பதைக் காட்டுகிறதா? 2013இல் 'சயின்ஸ்' இதழில் டெரி சபோல் குழுவினர் இதைத்தான் ஆராய்ந்தார்கள். ஆசிரியரின் பட்டம், வகுப்பின் அளவு எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிய மொத்தத்தைவிட, அவர் குழந்தையோடு எப்படிப் பேசிப் பழகுகிறார் என்பதே கற்றலை நன்றாகக் காட்டியது.

லூசியானா ஆசிரியர் பழகும் இந்த விதத்தையே மதிப்பீட்டின் மையமாக வைத்தது. அரசுப் பணம் பெறும் மையங்களில் பயிற்சி பெற்றவர்கள் ஆண்டுக்கு இருமுறை வகுப்புக்குள் அமர்ந்து அதை அளக்கிறார்கள். முடிவுகள் பெற்றோர் பார்க்க இணையத்தில் வருகின்றன. 2007இல் அந்த மாநிலம் காப்பக ஆசிரியர்களுக்கு வரிச்சலுகையும் கொண்டுவந்தது. அதுதான் சரியான இடத்தில் கை வைத்த வேலை. சம்பளம் கட்டுப்படியாகாமல் நல்ல ஆசிரியர் வேறு வேலைக்குப் போய்விட்டால், பழகிய முகத்தைக் குழந்தை இழக்கிறது. அந்த இழப்பை எந்த நட்சத்திரமும் ஈடுகட்டாது.

காப்பகம் தேடும் பெற்றோர் சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். அரை மணி நேரம் வகுப்புக்குள் உட்கார அனுமதி கேளுங்கள். ஆசிரியர் அங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்றும் கேளுங்கள்.