புது ஹார்ட் டிஸ்க்கைக் கணினி காணவில்லையா?

வாங்கிவந்த ஹார்ட் டிஸ்க்கைக் கணினி அடையாளம் காணாவிட்டால், கொழும்பில் இருப்பவர் மறுநாளே கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். தலவாக்கலைக்காரருக்கு அது ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு, ரயிலோ பஸ்ஸோ ஏறிப் போய்ச் செய்கிற காரியம். போன இடத்தில் கடைக்காரர் அதே டிஸ்க்கை வேறொரு கணினியில் பூட்டி, அது ஒழுங்காக ஓடுவதைக் காட்டிவிட்டால் அலைச்சல்தான் மிச்சம். புறப்படும் முன் குறை எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பொறுமை அவசியம். தோட்டத்து ஆபீஸில் செக்ரோலும் சேமலாப நிதிக் கணக்கும், டவுன் ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களும், டியூட்டரி மாஸ்டரிடம் பல வருட வினாத்தாள்களும் கணினிப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பதற்றத்தில் தவறான பட்டனை அமுக்கினால் நட்டம் டிஸ்க்கின் விலையோடு நிற்காது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டிஸ்க்கைக் காணாதது பயாஸா, விண்டோஸா? கணினியை ஒன் பண்ணியதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே, தன்னோடு என்னென்ன இணைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது பயாஸ். டெல் கணினியில் எஃப் 2, எச்பியில் எஃப் 10, மற்றப் பலவற்றில் டிலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் அந்தத் திரை வரும். அங்கே புது டிஸ்க்கின் பெயரும் மாடல் எண்ணும் தெரிகிறதா என்று பாருங்கள். இந்த விடையைப் பொறுத்து மேற்கொண்டு செய்ய வேண்டியவை இரண்டு வழியாகப் பிரியும்.

பயாஸிலேயே பெயர் இல்லையென்றால் வயர், சொக்கெட், மின்சாரம் என்று போக வேண்டும். கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பெட்டியின் வெறும் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுத் திறக்கலாம். 2003க்குப் பின் பரவிய சாட்டா டிஸ்க்கில் இரண்டு வயர்கள் உண்டு. 7 தொடுமுனை கொண்ட ஒடுக்கமானது தகவலுக்கு. 15 தொடுமுனை கொண்ட அகலமானது மின்சாரத்துக்கு. மின் வயர் மட்டும் பூட்டி, தகவல் வயர் அரைகுறையாக நின்றால் டிஸ்க் சுழலும், ஆனால் பெயர் வராது. இரண்டையும் கழற்றி, அழுந்தப் பூட்டுங்கள். பிறகு கணினியை ஒன் பண்ணி, டிஸ்க்கின் ஓரத்தில் விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லாததால் இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

அதிர்வு இருந்தும் பெயர் வராவிட்டால் தகவல் வயரை மாற்றுங்கள். அடுத்து மதர்போர்டில் வேறு சொக்கெட்டில் சொருகுங்கள். சொக்கெட்டே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. 2011 ஜனவரி 31ஆம் திகதி, தனது 6 சீரிஸ் சிப்செட்டில் சில சாட்டா சொக்கெட்டுகள் காலப்போக்கில் பலவீனமடையும் என்று இன்டெல் நிறுவனமே அறிவித்தது. திருத்தவும் மாற்றிக் கொடுக்கவும் 70 கோடி டொலர் செலவாகும் என்று மதிப்பிட்டது. சில மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால் ஒரு சாட்டா சொக்கெட் தானாகவே அணைந்துவிடும். ஆபீஸ்களில் பாவித்துக் கழித்த டெல் கணினிகளில், முன்பு வைத்திருந்தவர் பயாஸுக்குள்ளேயே ஒரு சொக்கெட்டை நிறுத்திவைத்திருக்கவும் கூடும்.

டிஸ்க் சற்றும் அசையவில்லையா? மின் வயரை மாற்றிப் பாருங்கள். பெரிய கொள்ளளவு டிஸ்க் சிலவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. 2016இல் வந்த சாட்டா 3.3 விதிப்படி, மூன்றாவது மின் தொடுமுனையில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் ஓடாமல் நின்றுவிடும். பழைய பவர் சப்ளை சில அந்த 3.3 வோல்ட்டை எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும். டிஸ்க் புத்தம் புதியது, பவர் சப்ளையும் நல்லது, ஆனாலும் சுழலாது. 3.3 வோல்ட் வராத மொலெக்ஸ் அடாப்டர் வழியாக மின்சாரம் கொடுத்தால் ஓடத் தொடங்கும்.

பயாஸில் பெயர் இருந்து, விண்டோஸில் மட்டும் காணவில்லை என்றால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. புது டிஸ்க், காம்பராக்களுக்கு இலக்கம் போடாத புது லயம் மாதிரி. விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அமுக்கி, டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறவுங்கள். ‘நொட் இனிஷியலைஸ்ட்’ என்று புது டிஸ்க் அங்கே காத்திருக்கும். அதை இனிஷியலைஸ் செய்து, பார்ட்டிஷன் போட்டு, எழுத்தொன்று கொடுத்தால் சரி. எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு முறைகளைக் காட்டும். எம்பிஆர் 32 பிட் எண்ணால் டிஸ்க்கின் பிரிவுகளை எண்ணுவதால், 512 பைட் கொண்ட சுமார் 429 கோடி பிரிவுகளோடு, அதாவது 2.2 டெராபைட்டோடு, அதன் கணக்கு முடிந்துவிடும். 4 டெராபைட் டிஸ்க்குக்கு ஜிபிடிதான் பொருத்தம்.

இந்த இடத்தில் மிகுந்த கவனம் தேவை. பழைய டிஸ்க்கும் பூட்டியிருக்கும்போது, பழுதினால் அதையும் விண்டோஸ் ‘நொட் இனிஷியலைஸ்ட்’ என்று காட்டலாம். அளவையும் மாடல் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எதற்கும் ‘ஓகே’ கொடுக்காதீர்கள். புது டிஸ்க்கில் பார்ட்டிஷன் போட்டு முடியும்வரை பழையதைக் கழற்றி வைப்பது இன்னும் பாதுகாப்பு.

விண்டோஸ் நிறுவும்போது மட்டும் டிஸ்க் தெரியாவிட்டால், அதுவும் 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் கணினியாக இருந்தால், விஎம்டி எனும் அமைப்பு இடையில் நிற்கக்கூடும். தயாரிப்பாளர் தரும் டிரைவரை யூஎஸ்பியில் போட்டு, நிறுவும் திரையில் ஏற்றிக்கொள்ளலாம்.

மலைநாட்டுக் குளிரும் உயரமும் காரணமோ என்று கேட்பவர்கள் உண்டு. சுழலும் டிஸ்க்கில் எழுதிப் படிக்கும் முனை காற்றின்மேல் மிதப்பதால் உயரத்துக்கு எல்லை இருப்பது உண்மைதான். ஆனால் சாதாரண டிஸ்க்குக்கு அந்த எல்லை 3,000 மீட்டர் அளவில் இருக்கிறது; தலவாக்கலை 1,200 மீட்டர் அளவில், பீதுருதாலகாலையே 2,524 மீட்டர்தான். ஈரப்பதம் வேறு விஷயம். குளிரில் கொண்டுவந்த டிஸ்க்கைச் சூடான அறையில் உடனே ஓட்டாமல், ஈரம் படிந்திருந்தால் காயும்வரை சில மணி நேரம் விட்டுவைப்பது நல்லது.

இவ்வளவும் பார்த்த பிறகு, தெரிந்தவர் ஒருவரின் கணினியில் பூட்டிப் பாருங்கள். அங்கேயும் பெயர் வராவிட்டால் டிஸ்க்கில்தான் குறை. பில், சீரியல் எண், இரண்டு கணினிகளின் பயாஸ் திரையையும் எடுத்த படம் ஆகியவற்றோடு முதலில் கடைக்கு ஃபோன் போடுங்கள். லேபிளைக் கிழிக்கவோ டிஸ்க்கின் ஆணிகளைக் கழற்றவோ வேண்டாம், வாரண்டி போய்விடும்.