கையில் இல்லாத கடிகாரம்

விருப்பமான திரைப்படம் ஒன்றை இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ பார்க்கும்போது நம் கண்ணுக்குப் புதியதொரு வேலை கிடைத்துவிடுகிறது. கதை தெரிந்துவிட்டது, அடுத்து என்ன நேருமோ என்ற தவிப்பு இல்லை. ஆகவே கதாநாயகனின் முகத்தை விட்டுவிட்டுக் கண் மெல்ல மேசைக்கும் சுவருக்கும் இறங்குகிறது. சற்றுமுன் பாதி குறைந்திருந்த தண்ணீர்க் குவளை இப்போது எப்படி நிறைந்தது? இடப்பக்கம் வகிடு எடுத்திருந்த தலை வலப்பக்கம் மாறியது எவ்வாறு? “ஆகா, அகப்பட்டுக்கொண்டார்கள்!” என்று துள்ளுகிறோம். வாத்தியாரின் சட்டையில் பொத்தான் மாறியிருப்பதைக் கண்டுவிட்ட சிறுவனின் மகிழ்ச்சி அது.

இம்மகிழ்ச்சியில் குற்றமொன்றுமில்லை. எனினும் சென்ற ஆண்டு புனித வாரத்தில் நம் வீட்டில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்று, இதைப் பற்றிச் சற்றே சிந்திக்க வைத்தது. அதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எம் அன்னையாருக்கு ‘பென்ஹர்’ படத்தின் மீது தனிப் பற்று. மணமான புதிதில் எம் தந்தையாரோடு நகரத்துக் கொட்டகையில் பார்த்த படம் அது. அன்னையாருக்கு ஆங்கிலம் தெரியாது. தந்தையார் காதோடு காதாகச் சொல்லி வந்த விளக்கமே அன்று அவருக்கு வசனம். தந்தையார் இறைவனடி சேர்ந்தபின், ஆண்டுதோறும் புனித வாரத்தில் அப்படத்தை ஒருமுறை பார்ப்பது அவரது வழக்கமாயிற்று.

கல்லூரியில் படிக்கும் நம் மகன் அன்று பாட்டியின் அருகில் அமர்ந்தான். கையில் கைப்பேசி, அதில் படத்தின் பிழைகள் என்று யாரோ தொகுத்த நீண்ட பட்டியல். “பாட்டி, இங்கே பாருங்கள், பாட்டி, அங்கே பாருங்கள்” என்று படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். அவனைத் தடுத்திருக்க வேண்டிய நாமோ, “தேரோட்டம் வரட்டும், கதாநாயகன் கையில் கடிகாரம் கட்டியிருப்பான், பார்” என்று எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தோம். இளமையில் நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, முப்பது ஆண்டுகளாக நாமும் பலருக்குச் சொல்லிவந்த செய்தி அது.

தேரோட்டம் வந்தது. மகன் படத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். கடிகாரம் தென்படவில்லை. மறுபடியும் பார்த்தான். அன்னையார் எழுந்து செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். “நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். உன் தாத்தா கூட வந்து பார்த்த படம் ராசா இது” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே சென்றுவிட்டார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. திரைப்படப் பிழைகள் எப்படி நேர்கின்றன என்பதைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அறிந்தவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறோம்.

துண்டு துண்டாய் ஒரு கதை

திரைப்படங்கள் பெரும்பாலும் கதையின் வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. இறுதிக் காட்சியை முதல் வாரத்திலும், முதற் காட்சியை இறுதி வாரத்திலும் எடுப்பதுண்டு. உணவு மேசையில் தந்தையும் மகனும் உரையாடும் காட்சி ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதலில் தொலைவிலிருந்து முழுவதையும் எடுப்பர். பின்பு தந்தையின் தோள் வழியே மகனை எடுப்பர். பின்பு மகனின் தோள் வழியே தந்தையை எடுப்பர். அதன்பின் முகங்களை மட்டும் குளோசப்பில் எடுப்பர். ஒவ்வொரு முறையும் நடிகர் அதே சொல்லில் குவளையைத் தூக்கி, அதே சொல்லில் கீழே வைத்தாக வேண்டும். திரையில் மூன்று நிமிடம் ஓடும் காட்சிக்கு ஒரு பகல் முழுவதும் கழிந்துவிடும். அதற்குள் மெழுகுவத்தி உருகிவிடும், வெயில் சாய்ந்துவிடும், தலைமுடி கலைந்துவிடும்.

இவற்றைக் கண்காணிப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். ஹாலிவுட்டில் அவரை ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்பர். நம் நாட்டுப் படப்பிடிப்புகளில் உதவி இயக்குநர் ஒருவர் ‘கண்டினியூட்டி’ பார்ப்பார். எந்தக் கையில் கடிதம், எத்தனை மடிப்பில் சட்டைக் கை, எந்தச் சொல்லில் எழுந்தார் என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வது இவர் கடமை. முன்பு போலராய்டு காமிராவில் உடனுக்குடன் படமெடுத்து ஒட்டி வைத்தனர். இன்று டிஜிட்டல் காமிரா அவ்வேலையைச் செய்கிறது.

இத்தனை காவல் இருந்தும் பிழை நுழைந்துவிடுகிறது. 1939-இல் வெளிவந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில், சிறுமி டாரதி சோளக்கொல்லைப் பொம்மையைச் சந்திக்கும் காட்சியில் அவளுடைய இரட்டைச் சடை ஒரு கணம் குட்டையாகவும் மறு கணம் நீளமாகவும் தோன்றும். அப்படத்தின் வரலாற்றைப் படித்தால் இது வியப்பாயிராது. தொடங்கிய இயக்குநர் ரிச்சர்ட் தோர்ப் இடையில் விலக்கப்பட்டார். ஜார்ஜ் கூக்கர் சில நாள் வந்து டாரதியின் ஒப்பனையையும் கூந்தலையும் மாற்றியமைத்துச் சென்றார். விக்டர் பிளமிங் பெரும்பகுதியை எடுத்தார். கான்சாஸ் காட்சிகளை எடுத்து முடித்தவர் கிங் விடோர். நான்கு கைகள் மாறிய பிள்ளையின் சடை ஒரே அளவில் இல்லாமற் போனதற்காக யாரை நோவது?

ஹிட்ச்காக் இயக்கிய ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) படத்திலோ, சிற்றுண்டிச் சாலையில் துப்பாக்கி வெடிக்குமுன்பே பின்னால் அமர்ந்திருக்கும் சிறுவன் இரு காதுகளையும் பொத்திக்கொள்வான்! முந்திய ஒத்திகைகளில் அவ்வோசையை அவன் கேட்டிருக்க வேண்டும். பாவம், சிறுவனுக்கு நடிப்பைவிடக் காது பெரிது.

பார்த்தும் பாராத கண்

இப்பிழைகள் முதல் முறை பார்க்கையில் நமக்குப் புலப்படாதது ஏன்? அமெரிக்க உளவியல் ஆய்வாளர்களான டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் ஆகிய இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. இரு பெண்கள் மேசையருகே பேசிக்கொண்டிருக்கும் சிறு படத்தை அவர்கள் எடுத்தனர். அதில் வேண்டுமென்றே ஒன்பது மாற்றங்களைப் புகுத்தினர்: கழுத்தில் இருந்த துணி மறையும், தட்டின் நிறம் மாறும். அதைப் பார்த்த பத்துப் பேரில் ஒரே ஒருவர்தாம் ஏதோ மாறியதாகச் சொன்னார். மாற்றம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி மீண்டும் காட்டியபோதும், ஒன்பதில் ஏறத்தாழ இரண்டையே அவர்களால் காண முடிந்தது. மற்றொரு சோதனையில், காட்சி மாறும்போது நடிப்பவரையே மாற்றி வேறொருவரை வைத்தனர். மூவரில் இருவர் அதையும் கவனிக்கவில்லை!

இது கண்ணின் குறையன்று. மனம் முகத்தையும் சொல்லையும் பின்தொடர்கையில் தட்டின் நிறத்தைக் கணக்கெடுப்பதில்லை. எது முக்கியமோ அதைப் பற்றிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது.

தெரிந்தே விட்ட பிழை

இன்னொன்றையும் அறிந்து வியந்தோம். படத்தொகுப்பாளர்கள் பல பிழைகளைத் தெரிந்தே விட்டுவைக்கின்றனர். ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’ படத்தைத் தொகுத்து ஆஸ்கார் பரிசு பெற்ற வால்டர் மர்ச், ஓரிடத்தில் காட்சியை வெட்டலாமா என்று தீர்மானிக்க ஆறு அளவுகோல்களைத் தம் நூலில் வகுத்துள்ளார். உணர்ச்சிக்கு நூற்றுக்கு 51, கதைக்கு 23, தாளகதிக்கு 10 என மதிப்பிடும் அவர், அறையில் யார் எங்கே இருக்கிறார் என்னும் இடத் தொடர்ச்சிக்குக் கடைசியாக 4 மட்டுமே தருகிறார். தொகுப்பாளர் முன் இரண்டு துண்டுகள் உள்ளன என்று கொள்வோம். ஒன்றில் குவளை சரியான இடத்தில் இருக்கிறது, ஆனால் தாயின் அழுகை பொய்யாக இருக்கிறது. மற்றதில் குவளை இடம் மாறியிருக்கிறது, ஆனால் அழுகை மெய்யாக இருக்கிறது. நல்ல தொகுப்பாளர் இரண்டாவதையே எடுப்பார். நாம் பிழையென்று கைதட்டிச் சிரிக்கும் இடம், ஒருவர் நன்மையைத் தேர்ந்துகொண்ட இடமாகவும் இருக்கக்கூடும்.

‘பென்ஹர்’ தேரோட்டத்திலேயே இதற்கொரு சான்று உண்டு. ரோமாபுரியின் சினெசிட்டா படப்பிடிப்புத் தளத்தில் 1958-இல் அக்காட்சி எடுக்கப்பட்டபோது, கதாநாயகனுக்குப் பதிலாகத் தேரோட்டிய ஜோ கானுட் என்பவர் எதிர்பாராமல் முன்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டார். எப்படியோ தேரைப் பற்றிக்கொண்டு, முகவாயில் காயத்தோடு உயிர் தப்பினார். அந்த விபத்தை வெட்டி எறியவில்லை. சார்ல்டன் ஹெஸ்டன் தேருக்குள் மீண்டும் ஏறும் துண்டு ஒன்றை எடுத்து அதனோடு இணைத்தனர். இன்றளவும் பார்ப்போர் மூச்சை நிறுத்தும் கணம் அதுவே.

இல்லாத பிழை

இறுதியாக, அந்தக் கைக்கடிகாரத்துக்கு வருவோம். அது வெறும் கட்டுக்கதை. ஹெஸ்டன் அக்காட்சியில் முழங்கை வரை தோற்பட்டை அணிந்திருந்தார். பின்னாளில் அவரே இதைச் சுட்டிக்காட்டி அக்கதையை மறுத்தார். தேரோட்டத்தில் ஒருவர் இறந்துபோனார் என்ற வதந்தியும் அவ்வாறே பொய்.

இதைப் படித்தபோது நாம் நாணினோம். முப்பது ஆண்டுகளாகச் சொன்னோமே, ஒரு முறையேனும் உற்றுப் பார்த்தோமா? “நானே கண்டேன்” என்றுகூடச் சிலரிடம் சொன்ன நினைவு வருகிறது. திரைப்படத்தைப் பற்றிச் சொன்ன பொய்யால் யாருக்கும் கேடில்லை. ஆனால் அதே எளிமையோடு, அதே சுவையோடு, அண்டை வீட்டாரைப் பற்றியும் உறவினரைப் பற்றியும் எத்தனை கடிகாரங்களைக் கட்டிவிட்டிருக்கிறோம்! பலமுறை பார்த்துப் பழகியவர்களிடத்தில்தான் குறை காணும் கண் விரைவாக வேலை செய்கிறது. காணாத குறையையும் அது கண்டதாகச் சொல்லிவிடுகிறது.

உயிர்ப்பு ஞாயிறன்று மாலை, மகனே பாட்டியின் கையைப் பிடித்து அழைத்து வந்து அமர்த்தினான். கைப்பேசி அலமாரியில் கிடந்தது. படத்தை ஒருமுறையும் நிறுத்தவில்லை. மூன்றரை மணி நேரம் எவரும் எழவில்லை.

கைதியாக இழுத்துச் செல்லப்படும் பென்ஹர் நாசரேத்தில் தாகத்தால் விழுந்து கிடக்கையில் இயேசு அவனுக்குத் தண்ணீர் கொடுப்பார். அவர் முகத்தைப் படம் காட்டுவதில்லை. ஆண்டுகள் பல கழித்து, அவர் சிலுவை சுமந்து விழும்போது பென்ஹர் தண்ணீரோடு ஓடி வருவான். அவ்விடத்தில் அன்னையார் பேரனின் கையைத் தொட்டார்.

“முதலில் அவர் கொடுத்தார், இப்போது இவன் கொடுக்க வருகிறான். உன் தாத்தா அன்றைக்கு இந்த இடத்தில்தான், ‘பார், மறக்கவில்லை பார்’ என்று என் காதில் சொன்னார். நீங்கள் எது மாறிவிட்டது என்று தேடினீர்கள் ராசா. நான் மாறாமல் இருப்பதைப் பார்க்கத்தான் வருஷா வருஷம் உட்காருகிறேன்.”

மகன் ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து எழுந்து சென்று, பாட்டிக்கு ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.