ஒட்டிக்கொள்ள ஒருவர்

அடுத்த வீட்டில் சண்டை. அந்த வீட்டுப் பையன் உங்கள் திண்ணையில் வந்து ஒண்டிக்கொண்டிருக்கிறான். "குடிகாரன் பிள்ளை, எங்கே உருப்படப் போகிறான்!" என்றுதானே நினைக்கிறீர்கள்? அவசரப்படாதீர்கள்.

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே 1955-ம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் விடாமல் கவனித்து வந்தார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷமல்ல. அவர்களுக்கு 40 வயதாகும் வரை! என்ன பொறுமை, பாருங்கள்.

வறுமை, ஓயாத சச்சரவு, குடி, பெற்றோரின் மனநோய் என்று நாலோ அதற்கு மேலோ கஷ்டங்கள் இரண்டு வயதுக்குள் சூழ்ந்துகொண்ட குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு, படிப்பிலோ நடத்தையிலோ தடுமாறியது. மறைப்பானேன்? ஆனால் மிச்சம் ஒரு பங்கு? நன்றாகப் படித்தார்கள்; உத்தியோகம் பார்த்தார்கள்; அன்பாகக் குடித்தனம் நடத்தினார்கள்!

மந்திரம் ஒன்றுமில்லை. அந்தக் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ள யாராவது ஒருவர் இருந்தார். பெற்றோராகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. பாட்டி, சித்தி, வாத்தியார், அண்டை வீட்டு அம்மாள், யாரோ ஒருவர். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல் வீட்டில் பொறுப்பான வேலை ஒன்று இருந்ததும் கைகொடுத்ததாம்.

தடுமாறியவர்கள் கதி? அவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் தேறிவிட்டார்கள். அதிலும் பெண்கள்தான் அதிகம். விட்ட படிப்பைத் தொடர்ந்தவர்கள் சிலர். பட்டாளத்தில் சேர்ந்து நிமிர்ந்தவர்கள் சிலர். நல்ல துணை வாய்த்துத் தெளிந்தவர்கள் சிலர்.