நம்ப மறுத்தவர்களின் ஐந்து மாதம்

2015 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பைன் காடுகளுக்கு நடுவே லிவிங்ஸ்டன் என்ற ஊரில் ஓர் ஆய்வுக்கூடம். ராபர்ட் ஸ்கோஃபீல்டு, அனாமரியா எஃப்லர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் அங்கே இரவெல்லாம் கருவியைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய வேலையே அதுதான். அதிர்வையும் இரைச்சலையும் வேண்டுமென்றே எழுப்புவது, காரை ஓட்டிவந்து சடாரென்று பிரேக் போடுவது, எந்தத் தொல்லை கருவிக்குள் எவ்வளவு நுழைகிறது என்று குறித்துக்கொள்வது. விடிகாலை நான்கு மணி வாக்கில் அலுத்துப்போய், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 4.50க்கு, 130 கோடி ஆண்டுகள் பயணம் செய்த ஓர் ஈர்ப்பு அலை அந்த இடத்தைக் கடந்துபோனது. அவர்கள் இன்னும் கொஞ்சம் பிடிவாதக்காரர்களாக இருந்திருந்தால், 'சோதனை நேரம், கணக்கில் சேராது' என்று அந்தப் பதிவை ஒதுக்கியிருப்பார்கள்.

லிவிங்ஸ்டனைத் தொட்ட அலை, 7 மில்லிவிநாடி கழித்து, 3,000 கிலோமீட்டர் தள்ளி வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் இருக்கும் இரட்டைக் கருவியையும் தொட்டது. இரண்டுக்கும் சேர்த்துப் பெயர் லைகோ. அப்போது ஜெர்மனியின் ஹனோவர் நகரில் முற்பகல் முடியும் நேரம். கணினி தானாக அனுப்பிய செய்தியை அங்கே முதலில் பார்த்தவர் மார்கோ டிராகோ என்ற இளம் ஆய்வாளர். அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அலைவடிவம் பாடப்புத்தகத்தில் வரைந்ததுபோல் அத்தனை சுத்தமாக இருந்தது. யாரோ போலியாகச் செலுத்தியிருக்கிறார்கள் என்றே நினைத்தார். சக ஆய்வாளர் ஒருவரும் அவருமாக இரண்டு நிலையங்களுக்கும் தொலைபேசியில் பேச முயன்றார்கள். லிவிங்ஸ்டனில் மட்டும் ஆள் எடுத்தார். அப்படி எதுவும் செலுத்தவில்லை என்றார்.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. ஆய்வாளர்களின் விழிப்பைச் சோதிக்கக் கருவிக்குள் ரகசியமாகப் பொய்யான அலையைச் செலுத்தும் வழக்கம் லைகோவில் இருந்தது. 2010 செப்டம்பரில் அப்படி ஒன்று வந்தது. பெருநாய் விண்மீன் கூட்டத்தின் பக்கமிருந்து வந்ததுபோல் தெரிந்ததால் அதற்குப் 'பெரிய நாய்' என்று செல்லப் பெயரும் வைத்தார்கள். ஆறு மாதம் உழைத்து ஆய்வுக் கட்டுரையையும் எழுதி முடித்த பிறகு, 2011 மார்ச்சில், உண்மையை எழுதி ஒட்டிவைத்திருந்த உறையைத் திறந்தார்கள். போலி! அத்தனை உழைப்பும் ஒத்திகை என்று ஆனது. சூடுபட்ட பூனைகள் அவர்கள்.

இந்தத் துறைக்குச் சந்தேகம் பிறவிக் குணம். ஈர்ப்பு அலைகளை 1916இல் கணித்தவர் ஐன்ஸ்டைன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அப்படி ஒன்று இருக்காது என்று கடிதம் எழுதியிருந்தார். 1936இல் நேத்தன் ரோசனோடு சேர்ந்து, ஈர்ப்பு அலைகள் இல்லவே இல்லை என்று நிறுவுவதாக ஒரு கட்டுரையை ஃபிசிக்கல் ரிவ்யூ இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் அதை இன்னொரு இயற்பியலாளரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார், அவரும் பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். அச்சாகும் முன் அடுத்தவரிடம் காட்ட யார் அனுமதி கொடுத்தது என்று கோபித்துக்கொண்டு ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு பிழையைத் தாமே ஒப்புக்கொண்டு, முடிவைத் தலைகீழாக மாற்றி வேறு இதழில் வெளியிட்டார். மேதைக்கும் மேற்பார்வை தேவைப்பட்டது என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

ஜோசப் வெபரின் கதை சோகமானது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பெரிய அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு, ஈர்ப்பு அலை பட்டால் அவை அதிரும் என்று காத்திருந்தார். 1969இல் பிடித்துவிட்டேன் என்றும் அறிவித்தார். அதைச் சரிபார்க்க உலகின் பல இடங்களில் உருளைகள் தொங்கின, எதுவும் அசையவில்லை. வெபர் 2000இல் இறக்கும்வரை விட்டுக்கொடுக்கவே இல்லை. அலைகள் உண்டு என்பதற்கு வேறொரு வழியில் சான்று வந்தது. 1974இல் ஹல்ஸ், டெய்லர் இருவரும் ஒரு ஜோடி நியூட்ரான் நட்சத்திரங்களைக் கண்டார்கள். ஈர்ப்பு அலைகளால் ஆற்றலை இழந்தால் எந்த அளவுக்கு நெருங்க வேண்டுமோ, அந்த அளவுக்கே அவை ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. ஆனால் அது மறைமுகச் சான்றுதான்.

அலையை நேரே பிடிப்பதில் என்ன சிக்கல்? ஈர்ப்பு அலை கடக்கும்போது வெளி என்பதே ஒரு திசையில் நீண்டு, அதற்குச் செங்குத்தான திசையில் சுருங்குகிறது. அடுத்த நொடிப்பில் மாறி நடக்கிறது. லைகோவின் இரண்டு குழாய்கள் செங்குத்தாக, தலா நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடப்பது இதற்காகத்தான். ஒரே லேசர் கற்றையை இரண்டாகப் பிரித்து அனுப்புகிறார்கள். கோடியிலுள்ள கண்ணாடிகளில் பட்டுப் பலமுறை போய்வந்து அவை மறுபடி சேரும்போது, ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் பொருந்தி ஒளி அணைந்துபோகும்படி அமைத்திருக்கிறார்கள். எந்தக் குழாயாவது துளி நீண்டால் இந்தப் பொருத்தம் குலைந்து ஒளி கசியும். செப்டம்பர் 14 அன்று வந்த அலை நான்கு கிலோமீட்டரை மாற்றிய அளவு, ஒரு புரோட்டானின் விட்டத்தில் சுமார் நானூறில் ஒரு பங்கு. சூரியனுக்கு அடுத்து நமக்குப் பக்கத்திலுள்ள விண்மீன் வரையான தூரத்தை ஒரு தலைமுடியின் அகலத்துக்குத் துல்லியமாக அளப்பதற்கு இது சமம்.

கண்ணாடியின் அணுக்களே இதைவிடப் பல லட்சம் மடங்கு நடுங்குமே, எப்படி அளக்க முடியும் என்று கேட்கலாம். கண்ணாடியில் விழும் கற்றை பல சென்டிமீட்டர் அகலமானது. கணக்கற்ற அணுக்களின் நடுக்கம் அதில் சராசரியாகிக் கரைந்துபோகிறது. கரையாதவை வெளியிலிருந்து வரும் தொல்லைகள்: ரயில், மரம் வெட்டும் இயந்திரம், கடலலை, எங்கோ நிகழும் நிலநடுக்கம். 40 கிலோ எடையுள்ள உருக்கிய சிலிக்காக் கண்ணாடி ஒவ்வொன்றையும் நான்கடுக்கு ஊசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடைசி அடுக்கைத் தாங்கும் இழை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதுவும் சிலிக்காதான். இத்தனைக்குப் பிறகும் 2017இல் ஹான்ஃபோர்டு பதிவில் புரியாத இரைச்சல் வந்து, தேடிப்போனால், குளிர்குழாயில் உறைந்த பனியை அண்டங்காக்கைகள் தாகத்துக்குக் கொத்திக்கொண்டிருந்தன.

இப்படிப்பட்ட கருவியில் வந்த 0.2 விநாடிப் பதிவை யார் சட்டென்று நம்புவார்? ஐந்து மாதம் அதைப் பொய்யாக்கப் பார்த்தார்கள். அதே விநாடியை ஒட்டி ஆப்பிரிக்காவின் பர்கினா ஃபாசோவில் மிகப் பெரிய மின்னல் ஒன்று வெட்டியிருந்தது. காந்தமானிகளைப் பார்த்து, அதன் பாதிப்பு மிகச் சிறியது என்று உறுதிசெய்தார்கள். விஷமி யாராவது கணினிக்குள் புகுந்திருக்கலாமோ என்றும் துருவினார்கள். இரைச்சல்கள் தற்செயலாக ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு என்று கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. ஒளி ஒரு நிலையத்திலிருந்து மற்றதற்குப் போக 10 மில்லிவிநாடி ஆகும், உண்மையான அலை அதற்குள் இரண்டையும் தொட்டாக வேண்டும். ஒரு நிலையத்தின் பதிவை வேண்டுமென்றே அதைவிட அதிகமாகத் தள்ளிவைத்துப் பொருத்தினால், ஒத்துப்போவதெல்லாம் வெறும் இரைச்சல்தான். 16 நாள் பதிவை இப்படி விதவிதமாகத் தள்ளிவைத்துப் பார்த்தார்கள். இத்தனை வலுவான பொய் ஒற்றுமை 2,03,000 ஆண்டுகளில் ஒருமுறைகூட நேராது என்று விடை வந்தது.

அந்தச் சிறு பதிவுக்குள் இருந்த செய்தி வியப்பூட்டும். அதிர்வெண் 35 ஹெர்ட்ஸில் தொடங்கி 250க்கு ஏறி அடங்கியது. ஏறிய வேகத்தைக் கொண்டு நிறையைக் கணக்கிட்டால், இரண்டு பொருள்கள், ஒன்று 36 சூரியன் அளவு, மற்றது 29. விநாடிக்கு 75 முறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அப்படியானால் இடைவெளி சுமார் 350 கிலோமீட்டர்தான். இவ்வளவு நிறை இவ்வளவு நெருக்கத்தில் முட்டாமல் சுற்ற வேண்டுமென்றால் கருந்துளைகளைத் தவிர வேறு எதனாலும் ஆகாது. சேர்ந்து பிறந்த கருந்துளை 62 சூரியன் நிறை. காணாமல்போன 3 சூரியன் நிறையும் அலையாகிவிட்டது. உச்சத்தில் அதன் திறன், காணக்கூடிய அண்டத்தின் விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து வீசும் ஒளியையும் மிஞ்சியது. அத்தனைக்கும் ஒரு பொட்டு வெளிச்சம் கண்ணில் படவில்லை.

கடைசியில் அலை அடங்கும் அந்தக் கணத்துக்கும் ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. குலுக்கப்பட்ட கருந்துளை தனக்கேயான அதிர்வெண்ணில் ஒலித்து ஓயும் என்று 1970இல் கணித்தவர் சி.வி. விஸ்வேஸ்வரா. அந்த அதிர்வெண்களை 1975இல் டெட்வைலர் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். சந்திரசேகர் 1995இலேயே மறைந்துவிட்டார். விஸ்வேஸ்வரா 2017 ஜனவரி வரை வாழ்ந்து, தம் கணக்கு பலித்ததைப் பார்த்துவிட்டுப் போனார்.

2016 பிப்ரவரி 11 அன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். வெபரின் மனைவி, வானியலாளர் வர்ஜினியா டிரிம்பிள் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மறு ஆண்டு, லைகோவை உருவாக்கிய ரெய்னர் வைஸ், கிப் தோர்ன், பேரி பேரிஷ் மூவருக்கும் நோபல் பரிசு. இவர்களோடு தொடக்கத்திலிருந்து உழைத்த ரொனால்டு டிரீவர், பரிசு அறிவிப்புக்குச் சில மாதங்கள் முன்பு காலமாகியிருந்தார்.

ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்று இன்னொரு முறை தெரிந்ததைப் பெரிய லாபமாக நான் கருதவில்லை. விண்மீன் இறந்து உண்டான கருந்துளைகளின் ஜோடியை அது வரை யாரும் கண்டதில்லை. அத்தகைய கருந்துளை 30 சூரியன் அளவுக்குப் பெருக்கும் என்றும் பலர் எதிர்பார்க்கவில்லை. ஒளி சொல்லாத செய்திகள் வரத் தொடங்கின. 2017 ஆகஸ்ட் 17 அன்று 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய செய்தி வந்தது. அலை வந்த 1.7 விநாடியில் காமாக் கதிரும் வந்து சேர்ந்தது. ஈர்ப்பும் ஒளியும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன என்று ஒரே நாளில் முடிவாகி, மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகள் பல குப்பைக்குப் போயின. தங்கம் போன்ற கன உலோகங்கள் பிறக்கும் இடத்துக்கும் தடயம் கிடைத்தது. 2025 ஜனவரியில் கிடைத்த மிகத் தெளிவான பதிவில், சேர்வதற்கு முன் சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டராக இருந்த கருந்துளைகளின் மொத்தப் பரப்பு, சேர்ந்தபின் 4,00,000 ஆகியிருந்தது. பரப்பு ஒருபோதும் குறையாது என்று ஹாக்கிங் 1971இல் சொன்னதற்கு இது வலுவான சான்று.

குறை ஒன்று பாக்கி இருந்தது: திசை. முதல் அலை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தென் வானத்தில் 600 சதுர பாகைக்குள் எங்கோ என்பதுதான் பதில். முழுநிலவு கால் சதுர பாகைகூடக் கிடையாது. இத்தாலியின் விர்கோ கருவி சேர்ந்துகொண்டதால் நியூட்ரான் மோதலின் இடம் 28 சதுர பாகைக்குச் சுருங்கியது, தொலைநோக்கிகளும் அதைக் கண்டுபிடித்தன. எவ்வளவு தள்ளி இன்னொரு கருவி அமைகிறதோ அவ்வளவு நல்லது. முதல் அறிவிப்பு வந்த ஆறாம் நாளே இந்திய அரசு அப்படி ஒன்றுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. 2,600 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அமைச்சரவையின் இறுதி அனுமதி கிடைத்தது 2023 ஏப்ரலில். இடம் மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டம், அவுண்டா நாகநாத் அருகே.